மாஸ்க்கு போட்டு ஆடுன கபடி

கபடி நடக்கட்டும்னு அந்த மீட்டிங்குல மொதல்ல சொன்னது நானுங்க. இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். ஆனா அன்னைக்கு ஒரு விசயத்தை மறைச்சுட்டேன். அது வெளிய வந்த கதையத்தான் இப்பச் சொல்லப் போறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதறா.

நமக்குப் பள்ளிபாளையம். ஆத்துக்கு அக்கட்ட ஈரோடு, இக்கட்ட நாங்க. நாப்பது வருசத்துக்கு மேல விசைத்தறி ஓட்டுனேன். நின்னு நின்னு காலு ஓஞ்சப்பறம் அதே பட்டறையில துணி பாக்கற வேலை குடுத்தாங்க. துணிய மேசை மேல இழுத்து உட்டுட்டே இருக்கோணும். நூலு அறுந்த எடம், எண்ணெக் கறை பட்ட எடம் கண்ணுல பட்டா சாக்பீசுல ஒரு கோடு. அவ்வளவுதான் வேலை. இது போக கபடிக்கு விசில் ஊதறது. அதுக்குக் கூலி கெடையாது, மரியாதை மட்டும் உண்டு. வாலிபத்துல ஆத்து மணல்ல ஆடுனவன் நானு. முட்டி போனப்பறம் கோட்டுக்கு வெளிய நிக்க ஆரம்பிச்சேன். எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கபடின்னா இருவது வருசமா நடுக்கோட்டுல நான்தான்.

கபடியில பாடிப் போற ஆளு ஒரே மூச்சுல பாடோணும். நடுவுல மூச்சு இழுத்துட்டாலோ, பாட்டு நின்னுட்டாலோ அவுட்டு. அதைக் கண்டுபுடிக்கறதுதான் விசில்காரனோட வேலை. நான் ஊதுனா யாரும் எதுத்துப் பேசமாட்டாங்க. ‘பெரியவரு காது பாம்புக் காது’ம்பாங்க.

எனக்குக் காது கேக்காதுங்க. அதுதான் நான் மறைச்ச விசயம்.

தறிப் பட்டறைக்குள்ள போயிருந்தீங்கன்னா தெரியும். இருவது தறி ஒண்ணா அடிக்கறப்ப பக்கத்துல நிக்கறவன் கத்துனாலும் கேக்காது. அதனால நாங்க கத்தறதே இல்ல. ஒதட்ட மட்டும் அசைப்போம். இந்தக் கோடி தறியில இருந்து அந்தக் கோடி தறிக்கு, கல்யாணம், எழவு, என்ன கொழம்பு எல்லாம் ஒதட்டுலயே போயிரும். மொதலாளி நடுவுல நிப்பாரு, அவரைப் பத்தியே பேசுவோம். திரும்பிப் பாத்தாருன்னா கொட்டாவி உட்டாப்ல வாயை மூடிக்குவோம். இப்படியே இருந்ததுல காது எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியல. பக்கத்துல வந்து கத்துனா கொஞ்சம் உழுகும். மத்தபடி உள்ளுக்குள்ள ஒரு எரைச்சல், மதகு தொறந்து உட்டாப்ல. பட்டறையில எல்லாருக்கும் அப்படித்தான், அதனால யாரும் அதைப் பெருசா எடுக்கல. வெளிய இருக்கறவங்களுக்கு நான் ஒதடு பாத்துத்தான் பேசறேன்னு தெரியாது. கபடியிலயும் அதே கதைதான். பாடறவ ஒதட்ட உட்டு என் கண்ணு நகராது.

கொரோனா வந்து ஊரே மாஸ்க்கு போட்டுச்சுங்களா, எனக்கு ஊரே ஊமையாப் போச்சு. ரேஷன் கடையில அந்தப் பொண்ணு என்னமோ கேக்கும், நான் எல்லாத்துக்கும் தலையாட்டுவேன். ஊட்டுக்கு வந்து பாத்தா பையில வேண்டாத பாமாயில் ரெண்டு பாக்கெட்டு இருக்கும். மருமக திட்டுவா. அதுவும் மாஸ்க்குக்குள்ள, அதனால போச்சாதுன்னு இருந்துக்குவேன்.

சரி, மீட்டிங்குக்கு வாரேன். ரெண்டாவது அலை அடங்கி, ஒன்னரை வருசம் மூடிக் கெடந்த பள்ளிக்கூடத்தைத் தொறந்துட்டாங்க. பெரிய டீச்சரு எங்களையெல்லாம் வேப்ப மரத்தடியில தள்ளித் தள்ளி சேர் போட்டு உக்கார வெச்சாங்க. பெத்தவங்க பத்துப் பன்னெண்டு பேரு, பி.டி. சாரு, பேத்தி அங்க படிக்கறதனால நானு. விசயம் இதுதான். விளையாட்டு விடுதியில இருந்து ஒரு கோச்சம்மா வர்றாங்களாம். நம்ம புள்ளைங்களும் ஆத்துக்கு அக்கட்டப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களும் ஆடறதைப் பாத்து, புடிச்ச புள்ளைய எடுத்துக்குவாங்க. ஆட்டம் நடத்தலாமா வேண்டாமா. ஓட்டப் பந்தயத்துக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. கபடிதான் பிரச்சனை.

லாரி ஓட்டற ஒருத்தரு மொதல்ல எந்திரிச்சாரு. "ஏனுங் டீச்சர், கை குலுக்காதே, ஆறடி தள்ளி நில்லுன்னு போனைத் தொட்டாலே இருமிக்கிட்டுச் சொல்லுது. இது கட்டிப் புடிச்சு உருள்ற ஆட்டம். ஒருத்தி மூச்சு ஒருத்தி மூஞ்சியில. வேற ஆட்டமே இல்லீங்களா?"

பெரிய டீச்சருக்கும் பயம். "நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஒண்ணுன்னா என் கையெழுத்துதான் நிக்கும். கேரம் வெச்சுக்கலாமா சார்?"

பி.டி. சாரு சொன்னாரு, "விடுதிக் கோச்சு கேரம் பாக்க வரமாட்டாங்க டீச்சர்."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பீங்க. பேசறப்ப மட்டும் எல்லாரும் மாஸ்க்க தாடைக்கு எறக்கி உட்டுக்குவாங்க. பேசி முடிச்சுட்டு மேல ஏத்திக்குவாங்க. கிருமி அதுவரைக்கும் காத்திருக்கும்னு நெனைப்பு. எனக்கு அது சௌரியமாப் போச்சு.

அந்தக் கூட்டத்துல மாஸ்க்க எறக்காதவ ஒரே ஒருத்தி. எங்க பட்டறையில தறி ஓட்டற பொண்ணு, எங்க லைன் ஊட்டுலயே குடியிருக்கறவ. அவ புருசன், நான் தறி ஓட்டறப்ப எனக்கு அடுத்த தறிக்காரன், நல்ல பையன். வைகாசியில ஆசுபத்திரிக்கு நடந்து போனவன் திரும்பல. மூஞ்சியக்கூடக் காட்டாம மூட்டையாக் கட்டிக் குடுத்தாங்க. அதுல இருந்து அந்தப் பொண்ணு டீ குடிக்கறப்பக்கூட செவுத்துப் பக்கம் திரும்பித்தான் மாஸ்க்க எறக்கும். அவளுக்கு ஒரே மக, ஒம்பதாவது. அப்பன் போனப்பறம் எங்க பட்டறையிலயே தார் மெசினுக்கு வந்துருச்சு. தறியில குறுக்க ஓடற நாடாவுக்குள்ள வைக்கற குச்சியில நூல் சுத்தற வேலை. பள்ளிக்கூடம் தொறந்தும் வாரத்துல மூணு நாளு பள்ளிக்கூடம், மூணு நாளு தார்தான். கபடியில அந்தப் புள்ளைதான் எங்க பக்கம் பாடிப் போறது. விடுதியில சீட்டு கெடச்சா படிப்பு, சோறு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. இந்த வருசம் உட்டா வயசு தாண்டிருமாம். இல்லீன்னா தார் மெசினுதான், மூணு நாளு ஆறு நாளாயிரும். இது அந்த மரத்தடியில இருந்த எல்லாத்துக்கும் தெரியும். தெரிஞ்சும் அவ மூஞ்சியப் பாத்து யாரும் நடத்தலாம்னு சொல்ல வாய் வரல. புருசனைக் குடுத்தவகிட்ட எப்படிச் சொல்றது.

நான்தான் சொன்னேன். "டீச்சர், இந்தப் புள்ளைங்கள்ல பாதி பட்டறையில நிக்குது. தகரக் கூரை, சன்னல் சாத்தி வெச்சு, பஞ்சுத் தூசியில, காலையில இருந்து பொழுதோட வரைக்கும் ஒரே கூட்டமா நிக்குது. அதுக்கு யாரும் மீட்டிங்கு போடல. காத்தோட்டமா மைதானத்துல அரை மணி நேரம் ஆடறதுக்கு மட்டும் சேர் போட்டு உக்காந்து யோசிக்கறோம்."

லாரிக்காரரு குனிஞ்சு செருப்பைப் பாத்துக்கிட்டாரு, அவரு மகளும் தார் சுத்துது.

அப்பத்தான் அந்தப் பொண்ணு எந்திரிச்சா. என்ன சொன்னான்னு எனக்குத் தெரியல. மாஸ்க்கு மேல கண்ணு மட்டும் என்னையப் பாத்துச்சு. நான் பழக்க தோசத்துல தலையாட்டிட்டேன். அப்பறம் பி.டி. சாரு மாஸ்க்க எறக்கி எல்லாத்துக்கும் மறுக்கா சொன்னாரு. "சரி, அவங்க சொன்னபடி ஆடட்டும். ஆனா ஒருத்தர் உடாம எல்லாரும் மாஸ்க்கு போட்டுத்தான் ஆடோணும். பாடிப் போற புள்ளையும் போடோணும். அவங்களே ரெண்டு பக்கத்துக்கும் தைச்சுக் குடுத்தர்றாங்களாம். வாய் தெரியாட்டி என்ன, நம்ம பெரியவரு காது இருக்குது. என்னுங்க ஐயா?"

எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. அந்த எடத்துல சொல்லியிருக்கோணும். இருவது வருச மரியாதை வாயைக் கட்டிருச்சு. "ஆமாங்க சார், அதுக்கென்ன"ன்னுட்டேன்.

மொத நாள் பயிற்சியில நடுக்கோட்டுல போயி நின்னேன். அந்தப் புள்ள பாடிட்டுப் போகுதா, சும்மா ஓடுதான்னு ஒண்ணும் தெரியல. கண்ணைக் கட்டி உட்டாப்ல இருந்துச்சு. குத்துமதிப்பா ரெண்டு தடவை விசில் ஊதுனேன். பி.டி. சாரு ரெண்டு தடவையும் தலையாட்டுனாரு. அதுதான் எனக்கு நெம்ப வெக்கமாப் போச்சு. நாளைக்கு வந்து சார்கிட்ட உண்மையச் சொல்லிப் போடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

அடுத்த நாள் காலையில சொல்லத்தான் போனேன். வெயிலு கெழக்க இருந்து சாஞ்சு வந்துட்டிருந்துச்சு. அந்தப் புள்ள பாடிட்டு எனக்கு நேரா வருது. மூஞ்சியில இருந்த துணிமேல என் கண்ணு போச்சு. எங்க பட்டறைத் துணி. நானே டேமேஜின்னு கோடு போட்டு ஒதுக்குனதுதான், அதை வாங்கித்தான் அவங்கம்மா தைச்சிருக்கா. லேசான துணி. நாள் பூரா பாத்த துணி. அது அசையுது. அவ பாடப் பாட துணி முன்னால டப்பு டப்புனு தள்ளுது. தன் பக்கம் திரும்பற வரைக்கும் தள்ளுது. கோட்டைத் தாண்டி நின்னு மூச்சு வாங்குனா பாருங்க, துணி உள்ள போயி ஒதட்டுல ஒட்டிக்கிச்சு. ஒதட்டோட வரி கூடத் தெரிஞ்சுது.

நான் சார்கிட்ட ஒண்ணும் சொல்லாம மறுக்கா நடுக்கோட்டுக்கு வந்துட்டேன். மூச்சு வெளிய போனாத் துணி வெளிய, உள்ள வந்தா உள்ள. ஒதடு ஏமாத்தும், வாய் அசைஞ்சுக்கிட்டே மூச்சத் திருடலாம். துணி ஏமாத்தாது. அடுத்து வந்த நாளுல ஒரு புள்ளைய உடாம துணியப் பாத்தே ஊதுனேன், ஒண்ணும் தப்பல. இனிமே எவனுக்கு எதுக்குச் சொல்லோணும்னு எனக்கு நெஞ்சு நிமுந்து போச்சு. உண்மையச் சொன்னா, நான் இருந்த இருவது வருசத்துல அந்த ஒரு வாரந்தான் நான் நல்லா விசில் ஊதுன வாரம்.

ஆட்டத்தன்னைக்கு ஊரு கூடல, கூடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பெத்தவங்க மட்டும் கயித்துக்கு வெளிய தள்ளித் தள்ளி நின்னாங்க. கேட்டுல பெரிய டீச்சரே நின்னு ஒவ்வொரு புள்ள நெத்தியிலும் அந்தத் துப்பாக்கி மெசினை வெச்சுப் பாத்து உட்டாங்க. கோச்சம்மா குட்டையா, கட்டையா, கையில ஒரு நோட்டோட வந்திருந்தாங்க. எங்கயும் நிக்காம மைதானத்தைச் சுத்திட்டே இருந்தாங்க.

ஆட்டம் சரிசமமாப் போச்சு. கடேசி நேரத்துல எங்க பக்கம் ஒரு புள்ளி கம்மி. எங்க புள்ள பாடிப் போகுது. கோச்சம்மா நடந்தது நின்னுச்சு. நோட்டை மூடி கக்கத்துல வெச்சுக்கிட்டாங்க. புள்ள நேரா உள்ள போயி வலது கோடியில ஒருத்தியத் தொட்டுச்சு. மூணு பேரு பாய்ஞ்சு வர்றாங்க, குனிஞ்சு ஒருத்தி கைக்குக் கீழ பூந்து போற வழியில இன்னொருத்தியையும் தொட்டுட்டு வருது. நல்ல ஆட்டம்னா அது நல்ல ஆட்டம். நடுக்கோட்டுக்கு ரெண்டு எட்டு. அப்ப துணி உள்ள போயி ஒதட்டுல ஒட்டுச்சு. ஒரு கண்ணு சிமிட்டற நேரம். மறுக்கா டப்பு டப்புனு தள்ள ஆரம்பிச்சுருச்சு.

நான் பாத்துட்டேன். வேற யாரும் பாக்கல. அவங்கம்மா கயித்தைப் புடிச்சுட்டு எனக்கு எதுத்தாப்ல நிக்கறா.

யோசிச்சேன்னு சொன்னாப் பொய். யோசிக்கறதுக்கு முன்னாடியே விசில் ஊதிட்டேன். துணியில கோடு போட்டே பழகுன கை, கொறை கண்ணுல பட்டா நிக்காது.

"அவுட்டு."

பி.டி. சாரு ஓடி வந்தாரு. மாஸ்க்க எறக்கிட்டுக் கேட்டாரு, "ஐயா, பாட்டு நிக்கவே இல்லீங்களே. நான் இங்கதான நிக்கறேன். ஒரு எடத்துலகூட உடல."

"மூச்சு இழுத்துச்சு சார்."

"எனக்கு நல்லாக் கேட்டுதுங்க. கபடி கபடின்னு தொடர்ச்சியா கேட்டுது. உங்களுக்கு நின்ன மாதிரி கேட்டுதுங்களா?"

விசில வாபஸ் வாங்கிட்டா முடிஞ்சுது. தப்பாக் கேட்டுருச்சுன்னு ஒரு வார்த்தை. புள்ளைக்கு ரெண்டு புள்ளி, கோச்சம்மா நோட்டுல பேரு, எனக்கும் மரியாதைக்குக் கொறை இல்ல. ஆனா கேட்டுதுன்னும் சொல்ல முடியாது, கேக்கலீன்னும் சொல்ல முடியாது.

"சார், எனக்குக் காது கேக்காதுங்க. பல வருசமாவே கேக்காது. நான் ஒதடு பாத்துத்தான் ஊதுவேன். இப்பத் துணி பாத்து ஊதறேன். துணி உள்ள போச்சு."

கயித்துக்கு அக்கட்ட லாரிக்காரரு சிரிச்சது தெரிஞ்சுது, தோளு குலுங்குச்சு. பி.டி. சாரு சிரிக்கல. "ஐயா, அப்ப இருவது வருசமா?"

"இருவது வருசமாத்தாங்க."

"செவிடரை வெச்சா நடத்துனோம்?"

"காது நல்லாக் கேட்டவங்க ஊதுனதெல்லாம் நானும் பாத்திருக்கேன் சார்"ன்னேன். அதைச் சொல்லாம உட மனசு வரல.

கோச்சம்மா பக்கத்துல வந்தாங்க. என்னைய ஒரு தடவை பாத்துட்டு, நாலடி பின்னால போயி நின்னு, மாஸ்க்க எறக்கி, நிறுத்தி நிறுத்திப் பேசுனாங்க. அத்தன வருசத்துல என் காதுக்காக ஒருத்தர் அப்படிப் பேசுனது அதுதான் மொத தடவை. "துணி எப்படிப் போச்சுன்னு காட்டுங்க ஐயா." என் மாஸ்க்குலயே காட்டுனேன். பாடிக் காட்டுனேன், இழுத்துக் காட்டுனேன். அவங்க அந்தப் புள்ளைப் பக்கம் திரும்பி என்னமோ கேட்டாங்க. புள்ள தரையப் பாத்துட்டு என்னமோ சொல்லுச்சு. கோச்சம்மா மூஞ்சியில சிரிப்பு வந்துச்சு. என் பக்கம் திரும்பி அதைச் சொன்னாங்க.

"இழுத்தேன் டீச்சர்ங்கறா. மூச்சை உள்ள இழுக்கறப்பவும் சத்தம் அறுந்து போகாமப் பாட வருமாம். ஆறாவதுல இருந்து பண்றாளாம்."

எனக்கு அவ மேல கோவம் வரல. இத்தன நாளா என் கண்ணுக்கு எதுத்தாப்லயே என்னைய ஏமாத்தியிருக்கா. சாமர்த்தியக்காரி.

கோச்சம்மா சொன்னாங்க, "ஓட்டம் நல்லா இருக்கு. ஆனா எனக்கு மூச்சு வேணும். திருட்டு மூச்சு வேண்டாம். யாரும் இல்லாத மைதானத்துல, மாஸ்க்கு இல்லாம, ஒத்தையா ஒரு தடவை பாடிட்டு வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்." வாச்சை எடுத்துக்கிட்டாங்க.

மாஸ்க்கு இல்லாமன்னதும் எல்லாரும் அவங்கம்மாவப் பாத்தாங்க. கண்டிசன் போட்டது அவதான. அவ கயித்துக்குக் கீழ குனிஞ்சு உள்ள வந்தா. மெதுவாத்தான் வந்தா. மகளுக்குப் பின்னால போயி நின்னு முடிச்ச அவுத்தா. சிக்கிக்கிச்சு, பல்லுல கடிச்சு அவுக்கலாம்னா தன்னோட மாஸ்க்கு குறுக்க நிக்குது, நகத்துல நோண்டி நோண்டித்தான் அவுத்தா. அவுத்த துணிய மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டா. மத்த புள்ளைங்க எல்லாம் கயித்துக்கு வெளிய போயிருச்சு. "நெஞ்சு நெறைய இழுத்துக்க அம்மிணி, இழுக்கறதை இப்பவே இழுத்துக்க"ன்னு நான் சொன்னேன். புள்ள என்னைய மொறைச்சுது.

ஒத்தையாப் போச்சு. எதிரி இல்லாத களத்துல குனிஞ்சு, திரும்பி, கோடு தொட்டு, மறுக்கா திரும்பி. நான் ஒதட்டப் பாத்தேன், கழுத்துக் குழியப் பாத்தேன். ஒரு எடத்துலயும் குழி உள்ள போகல. வாச்சுல முப்பது செகண்டு முடிஞ்சப்பறமும் பாடிட்டே வந்து கோட்டுல உழுந்துச்சு. எந்திரிக்க முடியல, தரையில படுத்து வாய் தொறந்து வாங்குச்சு.

கோச்சம்மா என்னையப் பாத்துக் கேட்டாங்க, "இழுத்தாளா ஐயா?"

"இல்லீங்க."

நோட்டுல எழுதுனாங்க. என்ன எழுதுனாங்கன்னு படிக்க எனக்குத் தெரியாது. ஆட்டம் நாங்க தோத்துட்டோம்.

அதுக்கப்பறம் பத்து நாளு. நடத்தலாம்னு சொன்னவன் நானு, பயமில்லீன்னு சொல்ல மாட்டேன். பெரிய டீச்சரு தெனமும் ரெண்டு பக்கத்துப் பதினாலு ஊட்டுக்கும் போன் போட்டாங்க. ஆறாம் நாளு லாரிக்காரரு மகளுக்கு இருமல். அவரு என் ஊட்டு வாசல்ல வந்து சும்மா நின்னாரு. அப்படி நின்னதுக்குத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. டெஸ்டு எடுத்தாங்க. வெறும் சளி. பத்தும் போச்சு, பதினஞ்சும் போச்சு, யாருக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியா நடந்துச்சுன்னு நான் சொல்லிக்கலாம், சொல்லிக்கறேன். ஆனா அந்தப் பத்து நாள்ல ராசியும் ஒரு பங்கு இருந்துச்சுங்கறது எனக்குத் தெரியும்.

அடுத்த வருசமும் விசிலுக்கு என்னையத்தான் கூப்புட்டாங்க. "பெரியவரே, இந்தத் தடவை துணி இல்ல, ஒதட்ட வெச்சுச் சமாளிங்க"ன்னாரு பி.டி. சாரு.

அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்லி முடிக்கறேன். ஆட்டம் முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். அந்தப் புள்ள அதுவரைக்கும் என்கிட்டப் பேசல. தார் மெசின்ல உக்காந்துட்டு என் பக்கமே திரும்பாது. ஒரு நாளு காலையில பட்டறையில துணி பாத்துட்டிருக்கேன். இருவது தறியும் அடிக்குது. என்னமோ தோணி நிமுந்து பாத்தேன். தார் மெசின்கிட்ட ஆளக் காணோம். அந்தக் கோடியில அவங்கம்மா, கையில போனு, தறி ஓட ஓட என்னையவே பாத்துட்டு நிக்கறா. பஞ்சுத் தூசி நடுவுல. சுத்தியும் ஒரு தடவை பாத்துட்டு மாஸ்க்க தாடைக்கு எறக்குனா. ஆறு மாசத்துக்கப்பறம் அவ வாயை நான் அன்னைக்குத்தான் பாக்கறேன்.

"சீட்டு கெடச்சிருச்சு மாமா"ன்னு ஒதட்டுல சொல்லிட்டு, மாஸ்க்க மறுக்கா மேல ஏத்திக்கிட்டா.